கோணல் மேகம்

மாமரத்திலும் அதன் அடியிலும் குடியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து 'மழைமணி' என்று ஒரு மென்பொருள் எழுதினார்கள். மழை வருமுன்பே அது மணியடித்துச் சொல்லிவிடும். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து திருத்தலாம். வெளியிடும் பொறுப்பு மட்டும் அணிலுக்கு.

"முகப்புல இருக்கற மேகப் படம் இன்னும் கோணலா இருக்கே," என்று அணில் வெளியீட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

எறும்புக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஐப்பசி பிறந்தாச்சு! மண்ணுக்குள்ள இருக்கற எங்களுக்கு வானம் எங்கே தெரியுது? முட்டையெல்லாம் அடியில கிடக்கு. மணி ஒழுங்கா அடிக்குதா, அதைச் சொல்லுங்க!"

"அடிக்குது. ஆனா ஏதாவது தப்பாப் போனா என்னைத்தானே ஏசுவீங்க?"

"'இது வெள்ளோட்டம், குறை இருந்தா சொல்லுங்க'ன்னு எழுதிட்டு விடுங்கண்ணே. ஏசாம சொல்றோம்!"

அணில் கண்ணை மூடி, "சாமி, நீதான் துணை," என்று பொத்தானை அழுத்தியது.

மறுநாளே மணி கணகணவென்று அடித்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரமேறி முடிக்கவும், மழை கொட்டவும் சரியாக இருந்தது.

மழை விட்டதும் எறும்பு உச்சிக்கிளையைப் பார்த்துக் கத்தியது. "முட்டையெல்லாம் பத்திரம் அண்ணே! ஆனா உங்க மணி நிக்கவே மாட்டேங்குது, காது போகுது!"

அணில் துள்ளிக் குதித்தது. "குறை வந்துடுச்சு! முதல் குறை வந்துடுச்சு!" என்று கிளைக்குக் கிளை கூவிக்கொண்டே திருத்த ஓடியது. கோணல் மேகத்தை அது மறந்தே போயிருந்தது.