மார்பளவு

ஜன்னல் வழியே வரும் காலை வெயில், தையல் மிஷின் அடியில் கிடக்கும் வெட்டுத்துணிகளின் மேல் விழுந்திருக்கிறது. தையல்காரர் டேப்பை உதறிக்கொண்டு எழுந்து வருகிறார். எதிரே நிற்கும் பஸ் கண்டக்டரின் தோல்பை இன்று இடுப்பில் தொங்குகிறது. ஆறு மாதத்துக்கு முன் அதை மார்போடு அணைத்துக்கொண்டே வந்து, "சட்டையைத் தொளதொளன்னு தைச்சுடுங்கண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொன்னவர் அவர். இந்தக் கடையில் தையல்காரர் அளவைக் கூவுவார். மிஷினில் இருக்கும் அவர் மனைவி நோட்டில் எழுதிக்கொள்வாள். அன்று மட்டும் அவர் கூவவில்லை. தானே எழுதினார். பழைய அளவோடு ஒப்பிட்டுவிட்டு, "இடுப்பு மூணு இஞ்சு எறங்கியிருக்கு தம்பி, மார்பு மட்டும் ஏறியிருக்கு. கையும் நடுங்குது. டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று காதோடு சொன்னார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்ததால் வந்த மார்பு வீக்கம் அது. மாத்திரையில் மெல்ல மெல்ல வடிந்துவிட்டது. இப்போது கண்டக்டர் சொல்லாமலே கைகளைத் தூக்குகிறார். விரல்கள் நடுங்காமல் நிற்கின்றன. டேப் மார்பைச் சுற்றி வருகிறது. தையல்காரர் பழைய நினைப்பில் பென்சிலைத் தேடுகிறார். "அண்ணிகிட்ட சத்தமாவே சொல்லுங்கண்ணே. தெருவுக்கே கேக்கட்டும்" என்கிறார் கண்டக்டர். தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "மார்பு முப்பத்தாறு." மனைவி குனிந்து எழுதுகிறாள். எழுதி முடித்து, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டு, "சரியாக் காதுல விழல, இன்னொருவாட்டி சொல்லுங்க" என்கிறாள்.