இங்கே குளிக்க வேண்டாம்

"மிஸ், உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

தவராசா போட்ட சத்தத்தில் மருத மரத்தடியில் படுத்திருந்த மாடுகூட எழும்பி நின்றது. சுதாஜினி திரும்பவில்லை. அவன் காலையில் பிடுங்கி எறிந்த சிவப்புப் பலகையை மறுபடியும் மணலில் நட்டு, கல்லால் இடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மலக்கிருமி கலந்த நீர். குளிக்க வேண்டாம்" என்றது பலகை.

சுதாஜினி அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். திங்கள்தோறும் ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியோடு வருவாள். இரண்டு ஆள் உயர மூங்கிலின் நுனியில் போத்தலைக் கட்டி, நடு ஆற்றில் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாள். இன்று ஞாயிறு. விடுமுறை நாளிலும் வந்து நிற்கிறாளே என்பதுதான் தவராசாவுக்கு ஆத்திரம்.

பலகை வந்து மூன்று வாரம். கிளிநொச்சி ரவுணிலிருந்து சனம் குளிக்க வரும் மணல்கரை வெறிச்சோடிவிட்டது. தவராசாவின் தேநீர்க் கடையில் வடை மிஞ்சியது. மிதப்பதற்கு அவன் வாடகைக்குக் கொடுக்கும் லொறி டியூப்புகள் காற்றுப் போய்க் கொட்டிலில் தொங்கின.

கரையோரம், கணுக்கால் நீரில் ஒரு தாய் கைக்குழந்தையை இருத்தி, தலையில் நீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுதாஜினி அதைப் பார்த்தாள். தடுக்கவில்லை. அவளுடைய கண் திரும்பத் திரும்ப றோட்டுக்கே போனது.

"றோட்டை என்ன பாக்கிறியள்? இதைப் பாருங்கோ!" தவராசா ஒரு தாளை நீட்டினான். "நானே தண்ணி அள்ளி, ஐஸ் போட்டு, பஸ்ஸில யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் குடுத்தனான். நேற்றுப் பின்னேரம் முடிவு வந்தது. 'குளிப்பதற்கு உகந்தது.' வாசிக்கத் தெரியும்தானே?"

சுதாஜினி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரவுணில நீச்சல் தடாகம் திறந்தவைக்காகத்தானே இந்தப் பொய்? நானும் விடமாட்டன். விடியவே எல்லாருக்கும் போன் அடிச்சுச் சொல்லிட்டன். பெடியள் வந்துகொண்டிருக்கிறாங்கள்!"

அவள் முகம் வெளிறியது. "வரச் சொல்லிட்டியளோ?"

"ஓம்! சொன்னனான்!"

"அண்ணை, எனக்கு வந்த முடிவும் இதுதான். தண்ணி சுத்தம்."

அவள் கரையில் போட்டிருந்த மூங்கிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நீங்கள் டியூப் விடுற இடத்தில இதை இறக்கிப் பாருங்கோ. கவனம்."

"அது நெஞ்சளவு தண்ணி. எனக்குத் தெரியாததே?"

தாளை இடுப்பில் செருகி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீர்வரை போனான். அங்கே நின்று எட்டி, முன்னால் மூங்கிலை ஊன்றினான். அது இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. நுனி அவன் கைக்குள் வந்தும் அடி தட்டுப்படவில்லை. காலடியில் மணல் சரிய, உடம்பெல்லாம் நனைந்து, தவழ்ந்தபடிதான் கரையேறினான்.

"களவா மணல் அள்ளினவங்கள் விட்ட குழி" என்றாள் சுதாஜினி. "தண்ணி எடுக்கேக்கதான் கண்டனான்."

"அப்ப அதை எழுதியிருக்கலாமே?"

"அதைத்தான் முதல்ல எழுதினன். 'ஆழம், ஆபத்து' எண்டு. நீங்கள் கடை பூட்டியிருந்த அண்டைக்குத்தான் நட்டனான். அண்டைக்கே நாலு பெடியள் அந்தப் பலகைக்குப் பக்கத்திலயே நிண்டு ஆர் தூரம் பாயிறது எண்டு போட்டி வச்சவங்கள். ஒருத்தன்ர தலைமயிரைப் பிடிச்சுத்தான் இழுத்தெடுத்தனான். வேலி போடச் சொல்லி மூண்டு கடிதம் எழுதிட்டன். ஒருத்தரும் வரேல்லை. ஆழத்துக்குப் பயப்பிடாதவங்கள் சொறி சிரங்குக்குப் பயப்பிடுறாங்கள். நான் வேற என்ன செய்ய?"

தவராசா கொட்டிலில் தொங்கிய டியூப்புகளைப் பார்த்தான். போன மாதம் அந்த இடத்துக்குத்தான் சின்னப் பிள்ளைகளைத் தள்ளி விட்டிருந்தான்.

மூன்று மோட்டார் சைக்கிள்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. ஏழெட்டு இளைஞர்கள். ஒருவன் இறங்கும்போதே சேர்ட்டைக் கழற்றிவிட்டான்.

"அண்ணை, யாழ்ப்பாணத்து றிப்போட் எங்க? தண்ணி எப்பிடியாம்?"

சுதாஜினி தலையைக் குனிந்துகொண்டாள். தவராசா ஈரத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்றான்.

"பிழையாச் சொல்லிட்டன் தம்பியவை. அவா எழுதினதைவிட மோசம்."