முதல் பயனாளி

"ஆத்தா! ரிப்பன்ல ஏன் கை வச்ச?"

வசந்தகுமார் போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. புதுக் கழிப்பறை வாசலில், சிவப்பு ரிப்பனின் அவிழ்ந்த முனையைப் பிடித்தபடி நின்றிருந்தாள் பிச்சையம்மாள். பஸ் ஸ்டாப்பில் அவிச்ச கடலை விற்பவள்.

அது சாதாரணக் கழிப்பறை அல்ல. 'முதியோர்க்கு இணக்கமான ஊர்' என்று ஒரு திட்டம். சென்னையில் ஓர் அறக்கட்டளை கொடுத்த நிதி. சாய்வுப் பாதை, கைப்பிடிக் கம்பி, வெஸ்டர்ன் கோப்பை, வாசலில் கிரானைட் கல்வெட்டு. கல்வெட்டில் குழு உறுப்பினர் அத்தனை பேரும் இருந்தார்கள். முதியவர் என்று யாரும் இல்லை. குழுத் தலைவர் உடையப்பனுக்கு அறுபத்தெட்டு ஆகிறதே என்பீர்கள். அவர் தலைமுடியின் கறுப்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

திறப்பு விழா முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது குழுவின் தீர்மானம். காலையிலேயே ஊர்ப் பெரியவர்களை ஆட்டோவில் அள்ளிவந்து பந்தலில் உட்கார வைத்து, வெயிலுக்கு இதமாக நீர்மோர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அடக்கிக்கொள்வதில் பெரியவர்களுக்கு அனுபவம் உண்டு என்று குழு நம்பியது.

பத்து மணிக்கு வரவேண்டிய அறக்கட்டளை அதிகாரி அன்புமொழி பன்னிரண்டாகியும் வரவில்லை. சற்று முன்புதான் யாரோ "கார் வந்திருச்சு!" என்று கத்த, குழு மாலையோடு ரோட்டுக்கு ஓடியது. வந்தது கந்தர்வக்கோட்டை பஸ். திரும்பி வந்து பார்த்தால் இந்தக் காட்சி.

குழுவின் செயலாளரான வசந்தகுமார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"தரையெல்லாம் ஈரம்! யாரோ உள்ள போயிருக்காங்க. ஆத்தா, நீயா?"

பிச்சையம்மாள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நாந்தேன்னு வச்சுக்கங்க தம்பி."

"வச்சுக்கிறதாவது! போனியா, இல்லையா?"

"போனேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார் உடையப்பன். விஷயத்தைக் கேட்டதும் எல்லோரையும்விட அவருக்குத்தான் கோபம் அதிகம் வந்தது.

"ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா? கொஞ்ச நேரம் அடக்க முடியலையா? ஊரோட மானமே இந்தக் கதவுலதான் இருக்கு. அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போனா ரெண்டாந் தவணை நிதிக்கு எங்க போறது?"

"அவசரம்னா என்னண்ணே பண்றது? வயசாயிட்டா அப்புடித்தேன்."

"வயசாயிட்டா வீட்டுல கெடக்கணும்!" என்றார், முதியோர்க்கு இணக்கமான ஊரின் தலைவர்.

பந்தலிலிருந்து முனியாயிக் கிழவி குரல் கொடுத்தாள். "அதான் ஒருத்தி போயிட்டாள்ல? நாங்களும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றோமேய்யா. சொம்பு சொம்பா மோரக் குடுத்துட்டு..."

"உக்காரு ஆத்தா!"

முனியாயி உட்கார்ந்தாள், மிகுந்த சிரமத்துடன்.

உடையப்பன் பிச்சையம்மாளிடம் திரும்பினார். "நாளையிலேருந்து பஸ் ஸ்டாப்புல ஒன் கூடையப் பாக்கக் கூடாது. வேற எங்கிட்டாச்சும் போயி வித்துக்க."

அதுவரை சாதாரணமாக நின்றவளுக்கு முகம் செத்துப்போனது.

"அண்ணே, பஸ்சு நிக்கிற எடத்துலதானண்ணே ஏவாரம். அத விட்டா எனக்குக் கஞ்சி கெடையாதுண்ணே."

"அத உள்ள போறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அதற்குள் நிஜமாகவே கார் வந்துவிட்டது.

அவசரமாகக் கட்டிய ரிப்பனை அன்புமொழி அழகாக வெட்டினார். கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

"தரை ஈரமா இருக்கே? யாராவது யூஸ் பண்ணினாங்களா?"

குழு தலைவரைப் பார்த்தது. மைக் உடையப்பன் கையில் இருந்ததால் நிலைமை சமாளிக்கப்பட்டது.

"மேடம் மன்னிக்கணும். எங்க ஊரு பெரியம்மா ஒருத்தங்க, பிச்சையம்மாள்னு பேரு, அவசரம் தாங்காம உள்ள போயிட்டாங்க. குழுவோட தீர்மானப்படி அது தப்பு. ஆனா தீர்மானத்தவிட மனிதாபிமானம் பெருசு இல்லீங்களா? அவங்கள இந்த நிமிசமே மன்னிச்சுட்டேன். வழக்கம்போல அதே எடத்துல கடலை விக்கலாம்!"

கைதட்டல் பலமாக இருந்தது. முனியாயி மட்டும் தட்டவில்லை. மைக் பேசத் தொடங்கியபோதே அவள் கழிப்பறைப் பக்கம் நகர்ந்திருந்தாள்.

"முதல் பயனாளியே ஒரு முதியவர்!" அன்புமொழி நெகிழ்ந்துபோனார். "மத்த ஊர்ல எல்லாம் கட்டிப் பூட்டித்தான் வச்சிருக்காங்க. ரெண்டாவது தவணைக்கு நானே சிபாரிசு பண்றேன்."

பிச்சையம்மாளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பொன்னாடை மட்டும் தலைவர் தோளில் விழுந்தது.

கார் போய், பந்தல் காலியானதும் உடையப்பன் அவளிடம் வந்தார்.

"பாத்தியா, ஒன்ன எப்புடிக் காப்பாத்தி விட்டேன்னு? எல்லாரும் இப்புடி இருக்க மாட்டாங்க. இனிமேயாச்சும் ஒழுங்கா நடந்துக்க."

"நல்லா இருங்கண்ணே."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிச்சையம்மாள் இரண்டடி கிட்டே வந்தாள். சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாப்பா வைக்க மறந்துட்டாங்கண்ணே, வைக்கச் சொல்லுங்க. காத்துக்குப் பப்பரப்பான்னு தொறந்துக்குது. நீங்க உள்ள இருந்தப்ப, அங்கிட்டு ஓரமா நின்னு நாந்தேன் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."