ஒரே ஒரு எலும்பு

மாலை வெயில் ஆய்வகச் சன்னலில் சாய்ந்து கணினித் திரையில் பாதியை வெளிறச் செய்கிறது. தங்கை கையால் நிழல் செய்துகொண்டு மூன்றாவது முறையாகப் பார்க்கிறாள். எலும்பைக் கையாண்ட எல்லோருடைய எச்சிலையும் சோதிப்பது அங்கே வழக்கம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் தந்தைவழி மரபணு, அவனைத் தோண்டியெடுத்த அவள் அண்ணனுடையதோடு இம்மி பிசகாமல் பொருந்துகிறது. அண்ணன் வாசலில் நிற்கிறான், காலணியில் குழியின் மண்ணோடு. "வெறுங்கையால தொட்டியா?" "கையுறை போட்டுத்தான் எடுத்தேன் பாப்பா." "பின்னே?" அவன் கழுத்தைச் சொறிகிறான். "லேசா நாக்குல வச்சுப் பாத்தேன். ஒட்டினா எலும்பு, ஒட்டலைன்னா கல்லு. தோண்டுறவங்க எல்லாரும் பண்றதுதான்." "நக்கினியா? இருந்த ஒரே துண்டை நக்கிட்டா எனக்கு அனுப்பினே?" அவள் குரலில் கண்ணாடிக் குடுவைகள் அதிர்கின்றன. துண்டு முழுவதையும் அரைத்தாகிவிட்டது. வடக்குப் புல்வெளியிலிருந்து மனிதர்கள் ஒரு மொழியைச் சுமந்து இறங்கிவந்த வழிக்கு அதுதான் சாட்சி. நான்கு வருட ஆய்வேடு அதன்மேல் நிற்கிறது. போன வாரம் அது வடக்குப் புல்வெளி மரபு என்று முதல் முடிவு வந்ததும் அவள் வரைந்த சிவப்பு அம்பு, சுவர் வரைபடத்தில் மலைகளைத் தாண்டி வருகிறது. "ஏன் பாப்பா," அண்ணன் மெல்லக் கேட்கிறான், "அப்போ நம்ம அப்பா வழி ஆளுங்க அந்தப் பக்கமா?" அவள் முக்காலியில் ஏறி, ஈரத்துணியால் அம்பை நுனியிலிருந்து அழிக்கிறாள். முக்காலி ஆடுகிறது. அவன் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறான். "எதையும் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" அவன் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான்.