ஆறாம் இரகசியம்

"நான் முழங்கால் போட மாட்டேன்க்கா. பெட்டியைத் தூக்கச் சொல்லு, தூக்குறேன். குழியில மண்ணு போடச் சொல்லு, போடுறேன். செபமாலை மட்டும் கேக்காத."

ரொனி சமையலறைக் கதவில் சாய்ந்தபடி இப்படிச் சொன்னபோது, டொரதி அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். வந்த சனமெல்லாம் நாவலப்பிட்டி மழைக்குப் பயந்து முற்றத்துக் கூடாரத்துக்குள் ஒதுங்கியிருந்தது. ஃபாதர் வந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள்.

"மூடுறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் ஒருக்கா சேர்ந்து சொல்லிருவோம்டா. வேற ஒண்ணும் கேக்கல."

"யாருக்கு? அந்த மனுசனுக்கா?"

அந்த மனுசனைப் பற்றித்தான் கூடாரத்தில் ஊர் உருகிக்கொண்டிருந்தது. கோயில் சங்கத் தலைவர், திருவிழாவுக்குக் கொடி பிடித்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் இடுப்பு பெல்ட்டை எதற்கெல்லாம் கழற்றுவார் என்பது மூன்று பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா செத்த பிறகு ஆரம்பித்தது அது. வளர்ந்து ஆளான பின்னும் அதைப் பற்றி மூவரும் தங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

கடைக்குட்டி ஷிரோமி கையைப் பிசைந்துகொண்டு உள்ளே வந்தாள். "அண்ணே, மெதுவா. வெளிய கேக்குது."

"கேக்கட்டும். இத்தன வருசம் மூடி வச்சது போதும்." ரொனி சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினான். தழும்பு இன்னும் தடிப்பாக இருந்தது. "அக்கா, நீ படிப்புக்குன்னு பேராதனைக்குப் போயிருந்த வாரம் விழுந்தது இது."

"தெரியும். திரும்பி வந்து மஞ்சள் வச்சுவிட்டதே நான்தானே" என்றாள் டொரதி.

"ஆனா அவரைவிட ஒன் மேலதான்க்கா எனக்குக் கோவம்."

சொல்லிவிட்டான். இத்தனை காலம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தபிறகு நிறுத்த முடியவில்லை.

"அவரு குடிச்சிட்டு வருவாரு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதும் நீ செபமாலையத் தூக்கிருவ. எங்க ரெண்டு பேரையும் சிமெந்துத் தரையில முழங்கால் போட வைப்ப. ஒரு செபமாலைக்கு ஏசு வாழ்க்கையிலருந்து அஞ்சு தேவ இரகசியம். நீ என்னடான்னா ஆறு, ஏழு, எட்டுன்னு இழுத்துக்கிட்டே போவ. நாங்க தூங்கி விழுந்தா தொடையில கிள்ளுவ. பெரிய பக்திமான் அவரு, செபம் நடக்கையில வாயத் தொறக்க மாட்டாரு. கதிரையில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்து கடைசியில குறட்டை விடுவாரு. அப்பனுக்குத் தூக்கம், பிள்ளைகளுக்குத் தண்டனை."

ஷிரோமிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "ஆறாம் தேவ இரகசியம், சூசையப்பர் பட்டறையில கதிரை செஞ்சது."

"ஏழாம் தேவ இரகசியம், கழுதைக்குத் தண்ணி காட்டினது" என்றான் ரொனி சிரிக்காமல். "ஒனக்குச் சிரிப்பா இருக்கு. கலியாணம் முடிச்சு கடுகண்ணாவைக்குப் போன அன்னைக்கு மாமியார் வீட்டுல செபமாலை. அஞ்சு முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. நான் மட்டும் முழங்கால்ல நின்னுக்கிட்டு சூசையப்பர் கதிரை செஞ்சத சத்தமா சொல்றேன். இன்னைக்கும் அந்த வீட்டுல கதிரை ஒடஞ்சா, மாப்பிள்ளையோட சூசையப்பரக் கூப்பிடுன்னுதான் மாமியார் சொல்லும். மொத்தமே அஞ்சுதான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். ஏன்க்கா அப்பிடிச் செஞ்ச? தாயில்லாப் பிள்ளைகள்னு ஒனக்கு ஒரு எரக்கம் இல்லையா?"

அக்கா கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் இறங்கினாள்.

அவளுடைய முழங்கால் இரண்டும் எப்போதோ பழுதாகிவிட்டன. இனி முழங்கால் போடவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாதாமாதம் மருந்து வாங்கி அனுப்புகிறவனே ரொனிதான். கோபம் இருந்தாலும், தனக்குத் தலை சீவிவிட்டுச் சோறூட்டிய அக்கா தன்னந்தனியாக அந்தத் தரையில் இறங்குவதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய் அவனும் முழங்கால் போட்டான். அதே பழைய வரிசை. முன்னால் அக்கா, அவள் முதுகுக்குப் பின்னால் அவனும் ஷிரோமியும். கதிரை இருந்த இடத்தில் இப்போது பெட்டி இருந்தது.

துக்க தேவ இரகசியங்களை அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். சின்ன வயதில் கேட்ட அதே குரல். ரொனிக்கு எரிச்சல் போய், ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

ஐந்தாவது முடிந்தது. பழக்கம் விடுமா? ரொனி வலித்த காலை மாற்றி வைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தயாரானான். அக்காவோ முடிவுச் செபத்தைச் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டு, செபமாலையை முத்தமிட்டு உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்ட?" கேலியாகக் கேட்கத்தான் நினைத்தான், குரல்தான் அப்படி வரவில்லை. "ஆறாவது எங்க?"

டொரதி பெட்டிக்குள் எட்டி அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, அந்த நாட்களில் எட்டாவதோ ஒன்பதாவதோ முடிந்ததும் இருவரையும் படுக்கைக்கு அனுப்பும்போது பேசுகிற அதே கிசுகிசுத்த குரலில் சொன்னாள்.

"இனித் தேவையில்லடா. அப்பா தூங்கிட்டாரு."