மலைக்கு அந்தப் பக்கத்து வண்டி

"வருஷக்கணக்கா தேஞ்ச மொட்டை டயர்லயே ஓட்டுற கஞ்சன் நீ. இன்னிக்கு என்ன திடீர் ஞானம், வெண்டல்?" என்றார் டயர் கடைக்கார லூசியன்.

வெண்டல் தன் மனைவி கோரினைப் பார்த்தான். அவளுக்கு இது எட்டாம் மாதம்.

"சின்ன வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். ஆனா பனி மூடின சரிவுல பிரேக் பிடிச்சா நிக்கணுமே!" என்றாள் அவள். "இப்ப பதினேழு அங்குலச் சக்கரம். ஒரு அங்குலம் குறைச்சு, ஒடுக்கமா, பனியில வழுக்காம பிடிக்கிற ஆணி வச்ச டயரா நாலும் கொடுங்க."

"நல்ல முடிவும்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழி பூரா சரிவுதான்."

லூசியன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே, மொட்டை டயர்களோடு வெண்டலின் பழைய பிக்கப் டிரக் மட்டும்தான் நின்றது.

"சின்ன வண்டி எங்க?"

கோரினுக்கு வெட்கமாகிவிட்டது. "அது எங்களோடது இல்ல. மருத்துவச்சி மோரீனோடது. பிரசவம் எங்க வீட்டுலதான். ஜனவரிப் பனியில மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அவங்க வந்து சேரணுமே!"

லூசியன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அந்தப் பச்சை வண்டியா? நேத்துதான் இதே அளவுல, இதே ஆணி டயர் மாட்டி அனுப்பினேன். டிசம்பர்ல அவங்ககிட்ட பிரசவம் பார்க்கப்போற ஒரு ஜோடி காசு கொடுத்து உங்கள முந்திக்கிட்டாங்க!"

கோரின் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள். வெண்டல் மெல்ல வாசலை நோக்கி நகர்ந்தான்.

"எங்கப்பா நழுவுற?" என்று லூசியன் அவன் தோளைப் பிடித்தார். "பிக்கப்புக்கு என்ன அளவு?"