வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடி

காலை பதினொரு மணி வெயில் கூரையின் கண்ணாடி ஓடுகள் வழியே சதுரம் சதுரமாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. மட்டாஞ்சேரியில் முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த எண்ணெய் மில் இது. நாளைக்கு ஊர்ப் பொதுக்கூடமாகத் திறக்கப்போகிறார்கள். எத்தனை கோட்டு பெயிண்ட் அடித்தும் காறிய கொப்பரை வாடை போகவில்லை. கொத்தனார் இசக்கிதுரை கரண்டியும் கையுமாக மேற்குச் சுவரைத் தடவித் தேடுகிறார். சுவர் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பதினைந்து நாளைக்கு முன்னால் சிமெண்ட் வைத்து ஒட்டியவர் அவர்தான். சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறிந்துவிடும். கொத்தனார்களுக்கு அதுதான் சாட்சி. இன்று காலை பெயிண்டர்கள் அதையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "சேட்டா, தொடண்டா! தொடாதீங்க, பெயிண்ட் காயலை," என்று மேற்பார்வை பார்க்கும் ஷீஜா மேடம் மேடையிலிருந்து சத்தம் போடுகிறார். இசக்கிதுரை கரண்டி நுனியால் சுரண்டுகிறார். கண்ணாடி இரண்டாகக் கிடக்கிறது. காலையில் அடித்த பெயிண்டும் கூடவே கிழிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் அவருடைய கட்டைவிரல் நகம் நுழைகிறது. சுவர் இன்னும் நகர்கிறது; சட்டென்று திரும்பிப் பார்க்கிறார். சுவரடியில் சலங்கை கட்டிய இருபது பிள்ளைகள் ஒத்திகைக்கு வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் நிற்பது அவர் மகள். "ரோஜா, வெளிய ஓடு! எல்லாரும் ஓடுங்க!" ஸ்பீக்கர் பாட்டு அவர் குரலை விழுங்கிவிடுகிறது. கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடுகிறார். அப்பா உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து ரோஜாவும் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறாள். சுவரிலிருந்து அவள் தலைமுடியில் சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. இருபது வலது கால்கள் ஒன்றாக உயர்கின்றன.